நாற்பது சென்டிமீட்டர்

மான்குர்துக்கு அப்பால் ஒரு கழி.
அதன்மேல் அறுபது வயதுக் கான்கிரீட்.
சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன்.
டங் என்றால் உயிர் இருக்கிறது.
பொத் என்றால் உள்ளே துரு ஊதியிருக்கிறது.
நாலாவது தட்டில்
உள்ளங்கை அகலச் சில்லு பெயர்ந்து
தண்ணீரில் விழுந்தது.
உள்ளிருந்த கம்பி
கருப்பட்டிபோல் நகத்தில் உதிர்ந்தது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுக
என்று கோப்பில் ஒற்றை வரி.

பழையதற்கு மூன்று கண், நடுவே இரண்டு தூண்.
நான் வரைந்ததற்கு ஒரே கண்,
முப்பது மீட்டர்.
உப்பில் கால் நனைக்காத பாலம்.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

தூரம் தாண்டுகிற முதுகு தடிக்க வேண்டும்.
உத்திரத்தின் ஆழம் ஒன்று புள்ளி எட்டு.
சாலை மட்டத்தைத் தொடாமல் வைத்தால்
பாலத்தின் அடிவயிறு
பழையதைவிட நாற்பது சென்டிமீட்டர்
கீழே தொங்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில்
பின்வரிசையில் எழுந்த ஹரேஷ்வர்
மராத்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்:
ஓதம் ஏறியிருக்கும்போது
நின்றபடி துடுப்புப் போடலாமா?

பாலத்தை உயர்த்திவிடுவோம் என்றார் தாம்ளே,
எதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருப்பவர்.
உயர்த்தலாம்.
முப்பதுக்கு ஒன்று சரிவு.
நாற்பது சென்டிமீட்டருக்குப்
பன்னிரண்டு மீட்டர் மண்மேடு.
ஃபுர்கானின் பஞ்சர் கடை
இரண்டாவது மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

அன்றிரவு ரயிலில், குர்லா வரை நின்றுகொண்டே,
நூறு டன் வண்டியைப் பற்றி யோசித்தேன்.
விதிநூலில் மட்டும் ஓடும் வண்டி.
ஓட்டுநர் கிடையாது, ஹாரன் கிடையாது,
யாரும் அதைக் கண்டதில்லை.
அதன் ஒவ்வொரு அச்சையும் எனக்குத் தெரியும்.
எங்கே நின்றால் பாலத்துக்கு அதிகம் வலிக்குமோ
அங்கே அதை நிறுத்திப் பார்ப்பதுதான் என் சம்பளம்.
இல்லாத வண்டிக்குக் கணக்கில் ஒரு கட்டம் இருக்கிறது.
நின்று துடுப்புப் போடுகிறவருக்கு
எந்தக் கட்டம்?

நான்கு உத்திரங்களை ஐந்தாக்கினேன்.
நெருக்கி வைத்தால் ஒல்லியாகலாம்:
ஒன்று புள்ளி ஆறு.
இருபது திரும்பி வந்தது.
செலவுப் பக்கத்தில் தாம்ளேயின் சிவப்புப் பேனா
ஒரு கேள்விக்குறி போட்டது, பிறகு இன்னொன்று.
சாலையைப் பத்து உயர்த்தினேன்.
அது மூன்று மீட்டர் மேடு.
ஃபுர்கானின் கடை நிற்கும்.
டியூபை முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியும்
டயர் அடுக்கும் போகும்.
அவரிடம் சொன்னபோது
ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
கழற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.
தொட்டியைப் பின்னால் வைக்கலாம், என்றார்,
பின்னால் என்ன இருக்கிறது என்று
இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

இருபதும் பத்தும் முப்பது.
மீதி பத்து எங்குமே கிடைக்கவில்லை.

அமாவாசை கழிந்த மறுநாள்
ஹரேஷ்வரின் படகில் ஏறினேன்.
பழைய பாலத்தின் அடியில், ஓதம் முழுக்க ஏறிய நேரம்,
டேப்பின் ஒரு நுனியைக் கான்கிரீட்டில் அழுத்திப் பிடித்தேன்.
தலைக்கு மேல் லாரிகள் போனபோதெல்லாம்
டேப் என் விரலில் நடுங்கியது.
படகு ஆடியது. அளவும் ஆடியது.
அசையாமல் நில்லுங்கள் என்றேன்.
கடலிடம் சொல்லுங்கள் என்றார்.
பிறகு, மறு நுனி தன் உச்சந்தலைக்கு வந்ததும்,
கண்ணை மட்டும் உயர்த்திக் கேட்டார்:

தொப்பியோடா, தொப்பி இல்லாமலா?