சிலிகானுக்குச் சிலிகான் ஆகாது

அம்பத்தூர் எஸ்டேட்டில்
பத்தொன்பது வருஷமாக ஓ-ரிங் சோதிக்கிறேன்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே
ஒரு தடவை உருட்டினால் போதும்,
எது கசியும், எது தாங்கும்,
எது உலர்ந்து ஒருநாள் வெடிக்கும் என்று தெரிந்துவிடும்.
என் உடம்பு உலர்ந்ததை மட்டும்
ஒன்றரை வருஷம் தெரியாதவள்போல் இருந்தேன்.

மாதக் கணக்கு தை மாதத்தோடு முடிந்தது.
நாப்கின் காசு மிச்சம் என்று
பக்கத்து மிஷின்காரியிடம் சொல்லிச் சிரித்தேன்.
உப்புத்தாள் அதற்குப் பிறகுதான்.
வேதமுத்து கை வைத்தால்
நாளைக்கு ஷிப்ட் என்பேன்,
ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளிலும்.
அவர் திரும்பிப் படுத்து
ஃபேனை ஒரு புள்ளி கூட்டுவார்.
கோபமாக இருந்திருந்தால் சுலபம்.

முதலில் தேங்காயெண்ணெய், யாருக்குத்தான் தோன்றாது.
அறை முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்த வாசம்.
'சீப்பு எங்கே' என்றார் இருட்டில்.
சிரித்ததில் எல்லாம் கெட்டது.

அடுத்தது கொரட்டூர் மருந்துக்கடையில் ஒரு ஜெல்.
பையன் அதைப் பழைய தினசரியில் சுற்றி
கறுப்புக் கவரில் போட்டு
கவரின் வாய்க்கு இரண்டு பின் அடித்தான்,
நான் ஏதோ பாம்புக்குட்டி வாங்கியதுபோல.
லாரித் தண்ணீர்தான் அது,
வந்த வேகத்தில் தீர்ந்தது.
பாதியில் பிசுபிசுத்து நூல் கட்டியது.
கிளிசரின் என்று லேபிளில் இருந்ததை
அரிப்பு வந்தபின் படித்தேன்.
ஊரான் சரக்குக்கெல்லாம் டேட்டா ஷீட் கேட்கிறவள் நான்.

டாக்டர் மெஹ்ருன் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்:
'சிலிகான் வாங்குங்க. தோல் குடிக்காது, காயாது.'
'மேடம், எட்டு மணி நேரமும்
நான் அதில்தான் கை வைத்திருக்கிறேன்.'
கண்ணாடியைக் கழற்றினார்.
'ஃபேக்டரி டப்பாவைத் தொட்டுடாதீங்க.
உடம்புக்கென்று செய்ததா பார்த்து வாங்குங்க.'
அந்த யோசனை எனக்கு வந்திருந்ததை
நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த முறை பெட்டியின் பின்பக்கத்தை முதலில் படித்தேன்.
டைமெத்திகோன், டைமெத்திகோனால்.
இரண்டே பெயர், மூன்றாவது இல்லை.
சூடேற்றுவது வேண்டாம், குளிர்விப்பது வேண்டாம்.
ஸ்ட்ராபெரி வாசம் எதற்கு,
எங்களுக்கு என்ன பிறந்தநாளா?
ஐம்பது மில்லி, ஒரு மாத ஆவின் கார்டு விலை.

மூன்று சொட்டு போதும்,
உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு.
இதை நான் சொல்வதற்குள்
அவர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார்.
மொசைக் தரையில் கால் வைத்தார், அவ்வளவுதான்,
பீரோவில் தோள் இடித்து அலமாரிச் சாவி குலுங்கியது.
அடுத்த அறையில் சி.ஏ. படிக்கும் ஆல்வின்:
'அப்பா, என்ன சத்தம்?'
தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்,
'பல்லிப்பா.'

நள்ளிரவில் பாத்திர சோப் போட்டுத் தரை துடைத்தோம்.
விரிப்பில் விழுந்த வட்டம் போகவே இல்லை.
இப்போது அதற்கென்று ஒரு பழைய போர்வை,
மடித்து மெத்தைக்கடியில்.

மெதுவாக வந்தது, ஒரே ராத்திரியில் இல்லை.
வலிக்குமென்று முன்கூட்டியே இறுகிக்கொள்ளும்
ஒரு பழக்கம் இருந்ததே, அதற்குத் தனியாக நாளானது.
அதற்குப் பாட்டில் கிடையாது.
அவர் காத்திருந்தார், ஓ.டி. டிப்போவில்
கடைசி வண்டிக்குக் காத்திருக்கிற கண்டக்டர்போல,
வாட்சைப் பார்க்காமல்.

ஒருநாள் பெட்டியிலிருந்த சீட்டை வாசித்தேன்.
சிலிகான் பொம்மைகளோடு பயன்படுத்தாதீர், கெட்டுவிடும்.
எங்கள் ஸ்டோர் சுவரில் சிவப்புப் பெயிண்டில் இதே விதி:
சிலிகான் ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் போடாதே, உப்பிவிடும்.
'பொம்மையா? என்ன பொம்மை?' என்றார்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.
'அதுவும் உங்க எஸ்டேட்லதான் செய்றாங்களா?'

திங்கட்கிழமை கம்பெனிக் குழாயடியில்
அவசரத்தில் சோப்புப் போடாமல் வந்த கை.
தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது,
தாமரை இலைபோல என்று சொல்ல வந்தேன்.
வேண்டாம்.
நன்றாக உட்கார்ந்த சீல்போல.
சூப்பர்வைசர் கேட்டான்,
'என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?'
'ரிங் பாஸ்' என்றேன்.