செத்தது என்ற கட்டம்

நோட்டில் நான்கு கட்டம்:
போட்டது, முளைத்தது, செத்தது, கொடுத்தது.
முள்ளிமுனை மகளிர் நாற்றங்கால்.
கணக்கு: ஜெசிந்தா.
கணக்கு மட்டும்தான். குதிங்காலில் வெடிப்பு,
சேற்றில் இறங்க மாட்டேன் என்று
முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஐப்பசிக் கடைசியில்
ஆறு பேர் வல்லத்தில் போய்க் காய் பொறுக்கினார்கள்.
முருங்கைக்காய் நீளத்தில் சுரபுன்னை,
அவரைக்கொட்டை பருமனில் அலையாத்தி.
கொண்டுவந்ததை அன்றைக்கே போடவேண்டும்.
மூன்று நாள் தள்ளினால்
சாக்குக்குள்ளேயே வேர் விட்டுக்கொண்டு
ஒன்றையொன்று விடாது.

பால் கவர், எண்ணெய்க் கவர், ரேஷன் பருப்புக் கவர்,
எல்லாவற்றிலும் கழிச்சேறு.
கிழியாமல் அடைக்க சகுபர் நிஷாவுக்குத்தான் வரும்.
காலிக் கவரைக்கூடக் கசக்கமாட்டாள்,
சமோசா மாதிரி முக்கோணமாய் மடித்து
முனையை உள்ளே சொருகிவைப்பாள்.

நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றினால்
கொழுகொழுவென்று வளர்ந்து
கழிக்குப் போன அன்றே சாகும்.
அதனால் இருபதாம் நாளிலிருந்து
உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டுவோம்,
பிள்ளைக்குக் காரம் பழக்குகிற மாதிரி.

கார்த்திகை: செத்தது நாற்பத்திரண்டு. நண்டு.
மார்கழி: செத்தது பதினேழு. காளிமுத்தனின் ஆடு.
"திங்கத்தானே வளர்க்கிறீக" என்றார் அவர்,
நிஜமாகவே புரியாமல்.

தை அமாவாசைக்கு மறுநாள்
நூற்று முப்பத்தேழு குறைந்தது.
எல்லாம் அலையாத்தி.
இரண்டு தடவை எண்ணினேன்.
பிறகு பிலவேந்திரம் எண்ணினாள். அதே குறை.
ஆடு இலையைத் தின்னும், கவரையும் தின்னும்,
சேற்றைத் தின்னுமா?
காளிமுத்தன் ஆடுகளின் தலையில்
ஒவ்வொன்றாய்க் கைவைத்துச் சத்தியம் செய்தார்.
பதினாறு ஆடு. காத்திருந்து கேட்டோம்.

மாசியில்
நண்டுக்கூடு போடப்போன சூசைராசு சொன்னான்:
"பழைய இறால் பண்ணை வாய்க்கால்ல
பச்சையா என்னமோ நிக்குதுக்கா."

பூட்டி ஒன்பது வருசம்.
அந்த இடம் யாருடையது என்று
ராமநாதபுரத்தில் வழக்கு நடக்கிறது.
நட அனுமதி இல்லை என்று
எங்களுக்கு எழுத்தில் வந்திருக்கிறது.
இடிந்த கரைவழியாக
ஓதம் மட்டும் தினமும் இரண்டுமுறை
யாரையும் கேட்காமல் போய்வருகிறது.

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினேன்.
முழங்கால்வரை இழுத்தது.
வரிசைகள் கோணல்; இருட்டில் நட்ட கோணல்.
எண்ணினேன், வேறென்ன தெரியும் எனக்கு:
நூற்று முப்பத்தொன்று.
மிச்சம் ஆறை நண்டு அறுத்திருந்தது.

கரைமேல் ஒரு கல்.
கல்லுக்கடியில்
நூற்று முப்பத்தேழு முக்கோணம்.

பண்ணை ஓடிய காலத்தில்
சகுபர் நிஷா வீட்டு அடிபம்பில்
உப்பு ஏறியது. அதைப்பற்றி
ஒரு கூட்டத்திலும் அவள் பேசியதில்லை.

கவர்களை மடியில் கட்டிக் கொண்டுவந்து
சேற்றுக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மறுநாள் காலையில்
ஒவ்வொன்றாய்ப் பிரித்துச் சேறு அடைத்தாள்.
எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை.
என் காலைப் பார்த்தாள்.
மத்தியானம் என் நோட்டின்மேல்
ஒரு மூடி தேங்காயெண்ணெய் இருந்தது,
வெடிப்புக்கு.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார்.
"செத்தது நூத்திமுப்பத்தேழா? ஒரே ராத்திரியிலயா?"
"ஆமா சார். வாடைக்காத்து."
நாற்றங்கால் வேலியில்
ஒரு கீற்றுகூடக் கலைந்திருக்கவில்லை.
பார்த்தார். பேனாவைத் தேடினார்.
கையெழுத்துப் போட்டார்.

பங்குனி, வத்தம்.
செத்தவை எல்லாம்
புதிதாய் ஒரு ஜோடி இலை விட்டிருக்கின்றன.
இலையை விரலால் தடவி
நாக்கில் வைத்துப் பார்த்தேன்: உப்பு.
தண்டுகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில்
அரை விரல் நீளத்தில் மடவைக் குஞ்சுகள்,
எண்ண விடாமல் ஓடிக்கொண்டே இருந்தன.

நோட்டைத் திருத்தவில்லை.
அந்த ஆறு மட்டும்
உண்மைக் கணக்கு.