நேற்றைய சாளை

சாம்பல் புதன்.
சாமியார் நெற்றியில் வரைந்த சிலுவையோடு
குறும்பனைக் கடற்கரை ஏலத்துக்கு நேராகப் போனேன்.
ஒன்பது மணிக்குள் வேர்வையில் கரைந்து
சாம்பல் கண்ணில் இறங்கிவிட்டது.
ஒரு கண்ணை மூடிக்கொண்டே
இரண்டு கூடை சாளை எடுத்தேன்.

வீட்டில் ஆளுக்கொரு ஒறுத்தல்.
சூசைமிக்கேலுக்குக் குடி கிடையாது
(நாற்பது நாளையும் சேர்த்து ஈஸ்டரன்று குடிப்பார்,
அது கோயில் கமிட்டிக்கே தெரியும்).
நர்சிங் படிக்கும் பெனிஷா
செல்போனில் படம் பார்ப்பதை விட்டாள்.
"நீ எதும்மா விட்ட?"
இறைச்சியா? ஞாயிறு தவிர அது எங்கே கிடக்கிறது.
மத்தியானச் சோறா? மத்தியானம் நான்
கருங்கல் சந்தையில் ஈ ஓட்டுகிறவள்.

விட ஒன்று இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.
'மாதா சத்தியமா.'
ஒரு கூடை விற்றுத் தீர்வதற்குள்
பதினோரு தடவை, ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்.
மாதா சத்தியமா இண்ணு பிடிச்சது,
மாதா சத்தியமா எனக்கு அஞ்சு ரூபா நிக்காது.
குழம்பில் உப்புப் போல
கை பாராமலே விழுகிற சொல்.

முதல் வெள்ளி. இறைச்சிக்கடையில் ஆளில்லை.
ஊர் ஒறுத்தால் எங்களுக்கு வியாபாரம்.
"இண்ணு உள்ளதா பிரிஜித்தாளே?"
கிறிஸ்டபெல் டீச்சர், கையில் துணிப்பை.
'மா' வரை வந்துவிட்டது.
கூடையில் திறந்து கிடந்த வாய்களோடு
என் வாயும் ஒன்று.
"நேத்து உள்ளது டீச்சரே. ஐஸுல கெடந்தது."

கெட்ட வார்த்தை கேட்டவர்போல் பார்த்தார்.
இரண்டடி தள்ளி அமலோற்பவத்திடம் போனார்.
அவள் சத்தியம் செய்தாள். இவர் வாங்கினார்.

அதே வள்ளம். அதே ஏலம்.
ஒரே பெட்டி ஐஸைத்தான்
நானும் அவளும் பாதி பாதி பங்கிட்டோம்.
அதைச் சொல்லியிருக்கலாம். உண்மைதான்.
என் வாயிலிருந்து
உண்மையாக வந்திருக்காது.
யாரோ வாங்கிய நவரைக்குச் செதிள் சுரண்டினேன்,
தேவைக்கு மேலும் சுரண்டினேன்.

முந்நூற்று நாற்பது ரூபாய் நஷ்டம்.
மீதிச் சாளை மூன்று நாள் குழம்பு.
குடிக்காத மனுஷனுக்கு நாக்கு நீளம்:
"புண்ணியவதி, நாலு பொய் கூடச் சொல்லியிருந்தா
இண்ணு கோழி திங்கலாம்."
"இது தவக்காலம்" என்றேன்.
அவர் சிரித்தார். நானும்.

திரும்பும் ஆட்டோவில் ஆறு பேர், ஏழு கூடை,
துக்க தேவ இரகசியங்கள்.
மூன்றாவதில் முள்முடி.
நாலாவதற்குள் குழுக்கடன் வந்து உட்கார்ந்துகொள்ளும்,
வியாழன் ஆயிரத்து இருநூறு.
மாதாவுக்கு எத்தனை மணி, வட்டிக்கு எத்தனை மணி,
யார் கண்டார்.
விரல் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் எனக்குப் பேர் விழுந்தது: நேத்துக்காரி.
"நேத்துக்காரி, முந்தாநேத்து உள்ளது உண்டா?"
ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சிரிப்பு.
ஹோட்டல் மாஸ்டர் ஒருவர் மட்டும் தினமும் வந்தார்;
பொரிக்க நேற்றையது போதும், விலையும் குறைவு.
இதைக் கடவுள் தந்த கூலி என்று சொல்லக் கூச்சம்.
கூட்டிப் பார்த்தால் நஷ்டம்தான்.

குருத்தோலைக்கு முந்தின சனி
விடியலில் ஏறிய அயிலை,
செவுள் செம்பருத்தி.
"இண்ணு உள்ளது" என்றேன்.
"உனக்க கூடையிலயா?" என்றாள் ஒருத்தி.
"மாதா சத்தியமா!"

விழுந்துவிட்டது.
ஒரு மாதத்துக்கு மேல் கட்டிவைத்ததைப்
பொய் அவிழ்க்கவில்லை,
ரோஷம் அவிழ்த்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
கம்பிக்கு அப்புறம் சற்று நேரம் சத்தமில்லை.
"மீன் நல்லதா இருந்துதா?"
"நல்ல மீன், சாமி."
"மூணு அருள் நிறைந்த மரியே."

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய்.
சூசைமிக்கேல் இன்னும் எழும்பவில்லை.
எனக்கும் இனி விலக்கு எதுவுமில்லை.
துணிப்பையோடு டீச்சர். "இண்ணு உள்ளதா?"
கூடு திறந்தும் வெளியே வராத கோழிபோல
நாக்கு நுனியில் அந்தச் சொல்.

ஒரு மீனை எடுத்துச்
செவுளை விரித்துப் பிடித்தேன்.
"மணத்திப் பாருங்க டீச்சரே."