வயதுக்குச் சான்று

மை உறைந்திருந்தது.
கூட்டைக் கக்கத்தில் இடுக்கிச் சூடாக்கினேன்.
பிப்ரவரி. செவர்ன் ஆற்றுக்கு மேற்கே,
ஆஷ்கம்ப் கோட்டையின் காலடியில்
கூரை ஒழுகும் தேவாலயம்.

கேள்வி ஒன்றுதான்:
இதோ நிற்கும் ஃபுல்க்,
செத்துப்போன பிரபு வாரினின் ஒரே மகன்,
இருபத்தொரு வயது நிறைந்தவனா?
ஆம் என்றால் நிலம் அவனுக்கு.
இல்லையென்றால் காப்பாளர் ரேனல்ஃபுக்கே
இன்னும் ஓர் ஆண்டு,
இன்னும் ஓர் ஓக் காடு.

பிறப்பை யாரும் எழுதிவைக்காத ஊர்.
பன்னிரண்டு பேர் சிலுவையைத் தொட்டு
ஒரு நாளை ஞாபகத்திலிருந்து
தோண்டி எடுத்துத் தரவேண்டும்.

ஆடம் சொன்னான்:
மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள்.
அன்றைக்குத்தான் என் வைக்கோல்போர் எரிந்தது.

ஹாமோ சொன்னான்:
அன்று என் மகளைப் புதைத்தேன்.
அதே சாமியார்தான்.
குழிக்கரையிலிருந்து நேரே
ஞானஸ்நானத் தொட்டிக்குப் போனார்,
செருப்பில் மண்ணோடு.

ஒஸ்பெர்ட் பிரபுவின் மானைக் கொன்றுவிட்டு
நிலவறையில் கிடந்தவன்.
ஆண் பிள்ளை என்றதும் திறந்துவிட்டார்களாம்.
"உங்களுக்கு ஒரு கும்பிடு பாக்கி, ஐயா,"
என்று பையனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான்.
பையன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

அன்றைக்கு மூன்று பேருக்குக் கால் முறிந்திருக்கிறது,
ஒரே பள்ளத்தில்.
நான் தலை நிமிரவில்லை.
போன வருடம் பக்கத்துச் சீமையிலும்
இதே பள்ளம் மூவரை விழுத்தாட்டியது.
எனக்கு வரிக்கணக்கில் கூலி.
உண்மைக்குத் தனியாக எதுவும் தருவதில்லை.

பிறகு உறவுமுறை, கொண்டான் கொடுத்தான் வரைக்கும்.
மூத்த தாரம் மாட். பிள்ளையில்லை.
நாங்கள் நின்ற கல்லுக்கு அடியில் இருக்கிறாள்.
இளைய தாரம் ஹவீஸ், இவனைப் பெற்றவள்.
தாலியறுத்த பதினோராம் மாதம் என்று எழுதவந்த கை நின்றது;
இங்கே தாலி ஏது, மோதிரம்தான்.
வடக்கே வேறொரு கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.
மகனைக் கூட்டிப்போக முடியவில்லை,
ஏழு வயதில் அவனை ஏற்கெனவே விற்றாகிவிட்டது,
இருநூறு மார்க்குக்கு.
அக்கா செசிலி காப்பாளரின் மருமகள்.
ஆக, நிலத்தைத் தின்றவர் சம்பந்தியும்கூட.
பங்காளி ஒருவர் வேல்ஸ் எல்லையில்,
வழக்குப் போடலாமா என்று
ஈரக் காலுறையோடு வாசலில் காத்திருந்தார்.

"அப்பா முகம் எப்படி இருக்கும்?"
பையன் பொதுவாகக் கேட்டான்.
அது என் கேள்விப் பட்டியலில் இல்லை.

பன்னிரண்டாமவன் லாயத்து ஜோர்டன்,
ஒரு கண்ணில் பூவிழுந்தவன்.
"பிறந்த நாள் எனக்கு நினைவில்லை" என்றான்.
காப்பாளரின் வழக்குரைஞர் முதல் தடவையாக விழித்துக்கொண்டார்.
"மறுநாள் நினைவிருக்கிறது.
லாயத்துக்குப் பின்னால் பிரபு,
நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து
அழுதுகொண்டிருந்தார்.
எதற்கென்று நான் கேட்க முடியுமா?
என் வாளித் தண்ணீரில் முகம் கழுவினார்.
குதிரைக்கு ஓட்ஸ் வைத்தாயாடா என்று வைதுவிட்டுப் போனார்."

நான் எழுதினேன்:
ஜோர்டன், வயது அறுபதுக்கு மேல்,
மற்றவர்களோடு ஒத்துப்போகிறான்.
லத்தீனில் இன்னும் சுருக்கமாக வரும்.

முத்திரை விழுந்தது. நிலம் அவனுக்கு.
ஏழு பண்ணை, இரண்டு மாவாலை,
காடு இருந்த இடத்தில் அடிமரங்கள்.
வாசித்தேன். கேட்டானா தெரியாது.

சாட்சிகள் பீருக்கு ஓடினார்கள்.
அவன் மட்டும் ஜோர்டனை நிறுத்தி
"எந்தச் சுவர்?" என்றான்.

"அதை இடித்துத்தானே ஐயா
காப்பாளர் பன்றிப்பட்டி கட்டினார்."

தூறலில் இருவரும்
பன்றிப்பட்டிப் பக்கம் நடந்தார்கள்,
பிரபு முன்னால், வழி தெரியாமல்.