கேட்டு

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால்
நகராது. நகர்ந்தாலும் பின்னால் நகரும்.
அப்படி ஒருநாள்
நாற்பத்தியொரு நிமிடம் நின்றதில்தான்
எனக்கு அது தோன்றியது.
பெரிதாக ஒன்றுமில்லை.
இந்தப் பக்கம் நிற்பவர்கள்
அந்தப் பக்கம் நிற்பவர்களோடு பேசலாம்.
கேட் திறந்ததும்
பேசியதெல்லாம் அழிந்துபோகும்.

கோடிங் படித்தது ஜெராக்ஸ் கடையில்,
ஆதார் ரெண்டு, ரேஷன் கார்டு முன்னும் பின்னும்
என்று ஆட்கள் வந்துபோகும் இடைவெளிகளில்.
கீபோர்டில் 'பி' தேய்ந்திருக்கவில்லை,
இல்லவே இல்லை.
வேண்டும்போதெல்லாம்
வேறெங்கிருந்தாவது வெட்டி ஒட்டினேன்.
ஒரு அடைப்புக்குறியை மூட மறந்து
மூன்று இரவு தூங்கவில்லை.
"யார்ரீ அந்தப் பையன்?" என்றாள் அம்மா.

முதல் வாரம் பதினோரு பேர்.
அதில் நாலு பேர் நானே.

மழை நாளொன்றில்
"இன்னா எப்சி, உன் ஆப்புல
கேட்டே பேசுதாமே?" என்று
பால் போடும் குமுதாக்கா கேட்டபோது
நாலாயிரம்.
ஒருவர் வேகன் எண்ணினார்: ஐம்பத்தெட்டு.
ஒருவர் எதிர்ப்பக்கம் நிற்கும் வட்டிக்காரருக்கு
"வூட்லதான் இருக்கேன்ணே" என்று போட்டார்.
பிறகு யாரோ:
"ஆட்டோல பிரசவ வலி. திருப்பணும். வழி வுடுங்கபா."
பைக்குகள் ஒதுங்கியதை நான் பார்க்கவில்லை.
கடையில், ஸ்கிரீனில்,
பச்சைப் புள்ளிகள் இரண்டாகப் பிரிந்தன.
லேமினேஷனுக்கு வந்தவர்
"இன்னாம்மா அழுவுற" என்றார்.

பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடம்.
முதலீடு செய்கிறவர் நல்ல மனிதர்தான்,
காபி தரச் சொன்னார்.
"ஜனங்க சராசரியா எவ்வளவு நேரம் உள்ள இருக்காங்க?"
"இருபத்திரண்டு நிமிஷம் சார்."
"நாற்பது ஆக்க முடியுமா?"
ரயில்வேயைத்தான் கேட்கணும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அங்க மேம்பாலம் வந்துட்டா?"
"வரணும் சார்."
வாய் தவறி வந்துவிட்டது.

சர்வர் பில் ஆறாயிரத்து முந்நூறு
பையில் மடங்கிக் கிடக்க
மூன்று பஸ் மாறி வந்தேன்.
கேட் போட்டிருந்தது.
என் ஆப்பை நானே திறந்தேன்.
அந்தப் பக்கம் யாரோ:
"லேட்டாவும் போல. டீ அடிச்சுட்டு வாங்க."

"ஒருத்தர் பணம் தரேன்றார்,
வாங்கலாமா வேணாமான்னு தெரியல" என்று
பெயர் தெரியாத அந்த ஆளுக்கு
அடித்து முடித்தேன்.
அனுப்புவதற்குள்
ஹாரன்கள். கேட் ஏறிக்கொண்டிருந்தது.