ஊசிப் பதிவேடு

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால்
மெஷின் நிற்கும்.
துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து
பதிவேட்டில் ஒட்டி, நேரம் எழுதி,
முழு ஊசியின் நீளம் சேர்கிறதா என்று பார்த்த பிறகே
புது ஊசி.
ஒரு துண்டு குறைந்தாலும்
அந்தப் பண்டல் முழுக்க ஊசி பார்க்கிற மெஷினுக்குள் போகும்.
ஏதோ ஒரு குளிர் தேசத்துக் குழந்தையின் கழுத்தில்
குத்திவிடக் கூடாதல்லவா.

பதினோரு வருசமாக அந்தப் பதிவேடு என் கையில்.

ஹெல்மெட் வாங்கப் போனபோதும்
உள்துணியை வெளியே திருப்பித்
தையலைத்தான் முதலில் பார்த்தேன்.
கன்னத்தில் மடிப்பு உறுத்துமா,
வேர்வையில் சாயம் போகுமா,
கழற்றித் துவைக்க முடியுமா.
"பனியன் வாங்க வந்தீங்களாக்கா?" என்றார் அன்வர்தீன்.
பிறகு மாட்டிவிட்டு, தலையை ஆட்டச் சொன்னார்.
"தலையோட சேந்து கன்னமும் ஆடணும்.
தனியா ஆடுச்சுன்னா அது ஹெல்மெட் இல்லீங்க, குண்டான்."
அஞ்சு நிமிசம் அப்படியே உட்கார வைத்தார்.
நெற்றியில் வலி இல்லை.
வெள்ளை நிறம், வெயிலுக்கு.
இரண்டாயிரத்து அறுநூறு.

ரோட்டோரம் நானூறுக்குத் தொப்பி மாதிரி கிடைக்குது,
போலீசுக்குத்தானே என்றார் வீட்டுக்காரர்.
என் தாடை போலீஸ்காரருடையதா என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.

ஆடி பதினாலு. ஷிப்ட் முடிந்து
கொடுவாய் தாண்டி, குண்டடத்துக்கு வருகிறேன்.
இரண்டு பக்கமும் காற்றாலை.
பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று
வண்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது.
நூல் கோன் ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்தது.
அது இருந்தவரை காற்றே இல்லை.
கடந்ததும்
பிடித்து வைத்திருந்ததை எல்லாம்
ஒரே மூச்சில் என்மேல் கொட்டிவிட்டது.

வண்டி ஒரு பக்கம். நான் ஒரு பக்கம்.
தார் ரோடு முகத்தை நோக்கி வந்தது,
முகம் வரைக்கும் வரவில்லை.
வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கும் அந்தத் தாடைக்கட்டை
என் பல்லுக்குப் பதிலாக ரோட்டைக் கடித்தது.
காதுக்குள் ஒரு சத்தம்:
கடலைக்காய் மூட்டையைத் தரதரவென இழுத்துப் போவது போல.

எழுந்து உட்கார்ந்ததும்
துண்டு பொறுக்க ஆரம்பித்தேன்.
காற்றுத் துளையின் மூடி. ஒரு திருகாணி.
வைசரின் பாதி.
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து தேடுகிறவளைப் பார்த்துத்
தேங்காய் டெம்போ நின்றது.
"என்னத்தைங் தொலைச்சீங்க, தாலிக்கொடியா?"
"ஹெல்மெட்டுங்."
"அது தலைலதானுங் இருக்குது."

மறுநாள் கொழுந்தன் கேட்டான்.
வெளியே வெறும் சிராய்ப்புத்தான்,
வைசர் மட்டும் மாத்தினா
இன்னும் மூணு வருசம் ஓடும், எனக்குக் குடுங்க.

கொடுக்கவில்லை.
மெக்கானிக் சென்னியப்பனிடம் ரம்பம் வாங்கி
சாப்பாட்டு நேரத்தில் குறுக்கே அறுத்தேன்.
ஓடு முழுசாகத்தான் இருந்தது.
உள்ளே, தாடைப் பக்கம்,
தெர்மோகோலில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம்.
விரலை எடுத்தாலும் அது மேலே வரவில்லை.
ஒருமுறைதான் நசுங்கும் அது.
அந்த ஒருமுறையை
எனக்குச் செலவழித்துவிட்டது.
அதைப் போய் இன்னொருவன் தலைக்கு எப்படித் தருவது?

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
திருகாணியை ஒட்டினேன்.
ஆடிட் வந்தால் கேட்பார்கள், கேட்கட்டும்.
நேரம்: இரவு 9.20.
மெஷின் எண்: இல்லை.
வைசரின் இடது மூலை: கிடைக்கவில்லை.

துண்டு கிடைக்காமல் புதுசு தரக் கூடாது,
சட்டம் என்னுடையதுதான்.
அதனால் இப்போது தினமும்
புது ஹெல்மெட்டின் வாரை இழுத்து மாட்டுவதற்கு முன்
நாக்கால் பற்களை ஒருமுறை எண்ணிக்கொள்கிறேன்.
இருபத்தொன்பது.
முன்னேயும் அவ்வளவுதான்.

சரி.
வண்டியை எடுக்கலாம்.