ஐந்து கிலோவாட்

ஜூலையில் நிஸ்வாவில் ஏ.சி. மாட்டுகிறவன்
ஜனவரியில் ஜபல் அக்தரில் கணப்படுப்பு மாட்டுகிறேன்.
அதே பிக்கப், அதே ஏணி.
சட்டை முதுகில் அதே வாசகம்: குளிர்ச்சிக்கு நாங்கள்.
மாற்றுவதாக மேலாளர் இரண்டு வருடமாகச் சொல்கிறார்.

முதல் தடவை அளவுநாடாவோடு மட்டும் போனேன்.
ஸுவைனா டீச்சர் வீட்டு வரவேற்பறையில்
பளிங்கு பதித்த கணப்பு மாடம்.
உள்ளே சிவப்பு பல்பு, நெளிகிற பட்டுத்துணி,
துணிக்கு அடியில் குட்டி மின்விசிறி.
மூன்று குளிர்காலம் இதன் முன்னால்தான்
கையை நீட்டி உட்கார்ந்திருந்தோம் என்றார்,
சிரிக்காமல்.

தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன்.
புகைபோக்கி இரண்டு மீட்டர் ஏறி
கான்கிரீட்டில் முட்டி நின்றது.
படத்தைப் பார்த்துக் கட்டிய கொத்தனாருக்குப்
படத்தில் கூரை தெரியவில்லை போலும்.

மாடத்தின் அகலம் முன்னால் எழுபது,
நடுவில் அறுபத்தேழு, பின்னால் அறுபத்துமூன்று.
மூன்று இடத்தில் அளப்பது
மஸ்கட்டில் ஒரு வில்லாவில் ஒரே இடத்தில் அளந்து
ஒரு மாதச் சம்பளம் போன பிறகு வந்த பழக்கம்.

கணவர் ஹிலால் போனில் ஒரு படம் காட்டினார்.
பன்னிரண்டு கிலோவாட். மூன்று பக்கமும் கண்ணாடி.
விருந்தாளி எந்த மூலையில் உட்கார்ந்தாலும் தீ தெரியும்.
அதை விற்றால் எனக்கு நாற்பது ரியால்.
நாற்பது ரியால் என்றால்
மகளின் பல்வரிசைக்குக் கம்பி, முதல் தவணை.

டீச்சர் கேட்டது வேறு:
ராத்திரிக்கு எத்தனை கட்டை?

அறையைக் காலால் நடந்து பார்த்தேன்.
ஐந்துக்கு ஆறு. உயரம் மூன்று.
பெரிய அடுப்பைச் சின்ன அறையில் வைத்தால் வியர்க்கும்,
வியர்த்தால் காற்றை அடைப்பீர்கள்,
மூச்சடைத்த தீ எரியாது, புகையும்.
கண்ணாடி கறுக்கும். குழாயில் தார் படியும்.
அந்தத் தார் ஒருநாள் தானே பற்றும்.
ஐந்து போதும் என்றேன்.
சொல்லும்போதே பல்கம்பி
அடுத்த வருடத்துக்கு நகர்வது தெரிந்தது.

மறுபடி ஏறியபோது சோதனைச் சாவடியில்
போலீஸ்காரர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்.
பின்னால் தொண்ணூற்றெட்டு கிலோ வார்ப்பிரும்பு
போர்வை போர்த்திப் படுத்திருந்தது.
அதன் பக்கத்தில் குரங்குக் குல்லாயில் மொக்லேஸ்.

கூரையை வட்டமாக அறுத்தோம்.
சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வானம் உள்ளே விழுந்தது,
கூடவே குளிர்.
கீழே நின்ற பையன்
திரும்ப மூடுவீர்களா என்று கேட்டான்.
மூடுவோம், குழாயைச் சுற்றி மட்டும்.

எஃகுக் குழாயை மேலிருந்து மொக்லேஸ் இறக்கினான்.
அவன் வங்காளத்தில் ஏதோ கேட்க
நான் தமிழில் ஏதோ சொல்ல
குழாய் சரியாக வாயில் வந்து உட்கார்ந்தது.
சுற்றிலும் பாறைப்பஞ்சு திணித்தேன்.
கதவு விளிம்பில் பீங்கான் கயிறு.
ஒரு ரியால் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி
இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.
கைக்கு வராத காசைக் கண்டு
இத்தனை சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

முதல் தீ சின்னதாக இருக்கவேண்டும்.
பெயிண்ட் வெந்து நாறும், ஜன்னலைத் திறக்கவேண்டும்.
ஹிலால் விருந்தாளிகளை அழைத்துவிட்டிருந்தார்.
எல்லோரும் கோட்டு மாட்டி, இருமி,
தீயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

இருட்டியதும் ஜன்னலைச் சாத்தி
வேலமரக் கட்டை இரண்டு வைத்தேன்.
முற்றத்து வாளியில் தண்ணீர் தோல் கட்டத் தொடங்கியிருந்தது.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஹிலால் நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார்.
இன்னொரு சாண்.
கலாஸ் என்றார். ஐந்து போதும்.

இரண்டு வாரம் கழித்து டீச்சரிடமிருந்து ஒரு செய்தி:
கண்ணாடியில் பழுப்புக் கறை, எதைப் போட்டுத் துடைப்பது?
ஈரக் காகிதத்தை அதே சாம்பலில் தொட்டுத் துடையுங்கள்,
வேறெதுவும் வாங்கவேண்டாம் என்று அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது,
கண்ணாடி துடைக்கும் திரவமும் நாங்கள் விற்கிறோம்.
பாட்டிலுக்கு அரை ரியால்.